அலாஸ்காக் கடற்கரையில் பழுப்புக் கரடி: சிறு விமானத்தில் போய்ப் பார்த்து வர ஒரு கையேடு

அலாஸ்காவின் தென்மேற்கில், குக் இன்லெட் என்ற கடல்நீட்சிக்கும் ஷெலிகோஃப் நீரிணைக்கும் மேற்கே சாலை போகாத ஒரு நீண்ட கரை இருக்கிறது. வடக்கில் லேக் கிளார்க் தேசியப் பூங்கா, தெற்கில் கட்மாய் தேசியப் பூங்கா, இரண்டுக்கும் நடுவில் மெக்நீல் ஆற்று வனவிலங்குச் சரணாலயம். கட்மாயில் மட்டும் ஏறத்தாழ 2,200 பழுப்புக் கரடிகள் வாழ்வதாகக் கணக்கு. சால்மன் மீனும் மட்டியும் கோரைப்புல்லும் குறைவின்றிக் கிடைப்பதால் இங்கே கரடிகள் ஒன்றையொன்று சகித்துக்கொண்டு நெருக்கமாக மேய்கின்றன. வளர்ந்த ஆண் கோடை நடுவில் 300 கிலோவைத் தாண்டும். குளிர்காலத் தூக்கத்துக்கு முன் 450 கிலோவைத் தொடுவதும் உண்டு.

இந்தக் கரைக்குப் போக நான்கு முதல் பத்துப் பேர் ஏறும் சிறு விமானம்தான் வழி. படகிலும் போகலாம், ஆனால் நாள் கணக்கில் ஆகும். பயணம் நன்றாக அமைய மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்: மாதத்துக்கு ஏற்ற இடம், கடலின் ஏற்றவற்றத்துக்கு ஏற்ற நேரம், கரையில் இறங்கியபின் உங்கள் நடத்தை. கரடி உங்களைக் கண்டுகொள்ளாமல் தன் பாட்டுக்கு மேய்ந்தால் அந்த நாள் வெற்றி. அது தலையைத் தூக்கி உங்களையே பார்க்க ஆரம்பித்தால், எவ்வளவு நல்ல படம் கிடைத்தாலும் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று பொருள்.

எந்த மாதம், எந்த இடம்

முதலில் விமான நிறுவனத்தைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். முதலில் முடிவு செய்ய வேண்டியது மாதம். கரடி உணவின் பின்னால் நகரும் விலங்கு. உணவோ வாரத்துக்கு வாரம் இடம் மாறும்.

மே கடைசியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை கரடிகள் கரையோர உப்புச் சதுப்பில் கோரைப்புல் மேயும். இளம் கோரையில் புரதம் அதிகம். வற்றம் நன்றாக இறங்கும் நாட்களில் அதே கரடிகள் சேற்றுத் திட்டுக்குப் போய் மட்டி தோண்டும். இணைசேரும் பருவமும் இதுவே என்பதால் பெரிய ஆண்கள் வெளியில் தென்படும். கட்மாய்க் கரையில் ஹாலோ விரிகுடாவும், லேக் கிளார்க் கரையில் சினிட்னா விரிகுடாவும் இந்தப் பருவத்துக்கு ஏற்றவை. பரந்த புல்வெளி, தூரத்திலிருந்தே கரடியின் வரவு தெரியும். முதல்முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஜூன்தான்: பகல் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் நீளும், கரடிகள் சாவகாசமாக இருக்கும், கூட்டமும் குறைவு.

ஜூலையில் சாக்கை என்ற வகைச் சால்மன் ஆறேறும். அருவியின் விளிம்பில் நின்று, துள்ளும் மீனைக் கரடி வாயால் கவ்வும் அந்தப் புகழ்பெற்ற காட்சிக்கு உரிய இடம் புரூக்ஸ் அருவி. அது கடற்கரையில் இல்லை. கட்மாயின் உள்பகுதியில், நக்நெக் ஏரியோரம் இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் கடற்கரைப் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டு, அருவி எங்கே என்று கேட்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். கடற்கரையில் மேடையும் கிடையாது, வேலியும் கிடையாது. கரடி இருக்கும் அதே தரையில் நீங்களும் நிற்பீர்கள். புரூக்ஸில் மரத்தாலான உயர்நடைபாதையும் மேடைகளும் உண்டு. அருவி மேடையில் ஒரே நேரத்தில் 40 பேருக்குத்தான் இடம். கூட்டம் மிகுந்தால் பெயர் எழுதி வைத்து, குறித்த நேரம் மட்டும் அனுமதிப்பார்கள். பாதையில் கரடி படுத்துவிட்டால் அது எழுந்து போகும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். ஒருநாள் பயணத்தில் உங்களுக்குத் தரையில் கிடைக்கும் மூன்று, நான்கு மணி நேரத்தில் பாதி இப்படியே போய்விடலாம் என்று தெரிந்தே புறப்படுங்கள்.

ஆகஸ்டில் பிங்க் சால்மனும், பிறகு செப்டம்பர் வரை சில்வர் சால்மனும் கரையோரச் சிற்றாறுகளுக்குள் வரும். ஜியோகிராஃபிக் ஹார்பர், குகாக் விரிகுடா, லேக் கிளார்க்கின் சில்வர் சால்மன் கிரீக் ஆகியவை அப்போது களைகட்டும். முழங்கால் ஆழ நீரில் ஓடி ஓடி மீன் பிடிக்கும் கரடியைப் பார்க்க இதுவே காலம். ஆனால் மழையும் காற்றும் கூடும், விமானம் ரத்தாவதும் கூடும்.

மெக்நீல் ஆறு தனிக் கணக்கு. அங்கே நாளொன்றுக்குப் பத்துப் பேருக்குத்தான் வழிகாட்டுதலோடு பார்க்க அனுமதி. குலுக்கலில் பெயர் விழ வேண்டும். விண்ணப்பத்தை மார்ச் 1-க்குள் அலாஸ்கா மீன், வேட்டை விலங்குத் துறையிடம் சேர்க்க வேண்டும். அனுமதி நான்கு நாளுக்கு; கூடாரமும் உணவும் உங்களுடையது. ஜூலையில் சம் என்ற வகைச் சால்மன் ஏறும்போது அருவியில் ஒரே நேரத்தில் 70-க்கும் மேற்பட்ட கரடிகள் எண்ணப்பட்டதுண்டு. 1973-இல் அனுமதி முறை வந்தபிறகு அங்கே பார்வையாளர் எவரையும் கரடி காயப்படுத்தவில்லை. ஆண்டுதோறும் மனிதர் ஒரே பாதையில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி நடந்துகொண்டால் கரடி அவர்களை நிலத்தின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

எங்கிருந்து புறப்படுவது, யாரோடு போவது

ஹோமர், கோடியாக், சோல்டாட்னா, ஆங்கரேஜ் ஆகிய ஊர்களிலிருந்து ஒருநாள் பயணங்கள் உண்டு. கட்மாய்க் கரைக்கு ஹோமரிலிருந்து ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆங்கரேஜிலிருந்து லேக் கிளார்க் கரை அருகில். கட்மாய் என்றால் பறப்பதற்கே நாளின் பெரும்பகுதி போகும், கட்டணமும் ஏறும். அரைநாள் முதல் ஒருநாள் வரையான பயணத்துக்குத் தலைக்கு 800 டாலரிலிருந்து 1,200 டாலர் வரையும் அதற்கு மேலும் கேட்பார்கள். மலிவாகத் தெரியும் பயணத்தில் தரையில் இருக்கும் நேரம் எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் வேண்டாம். முதல் அரைமணி கண் பழகவே போய்விடும். நல்ல காட்சி பெரும்பாலும் உட்கார்ந்து காத்திருந்தபின் கிடைப்பது.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை சில. நிறுவனத்திடம் வாடகை விமானச் சேவைக்கான, அமெரிக்க விமான விதிகளின் பகுதி 135 சான்றிதழ் உண்டா? போகும் பூங்காவில் வணிக அனுமதி உண்டா? வழிகாட்டி தனி ஆளா, விமானியே வழிகாட்டியா? சக்கர விமானத்தில் விமானியே வழிகாட்டுவது வழக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் மிதவை விமானத்தில் வற்றம் இறங்க இறங்க விமானத்தை ஆழமான நீருக்கு நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேற்றில் அமர்ந்துவிடும். அப்படிப்பட்ட இடத்துக்குத் தனி வழிகாட்டி இருந்தால் நல்லது. குழுவில் எத்தனை பேர்? ஆறு பேர் சௌகரியம், பத்துக்கு மேல் தொல்லை. நினைத்த இடத்தில் மூடுபனி என்றால் மாற்றிடம் எது? பறக்க முடியாவிட்டால் பணம் முழுதும் திரும்புமா?

கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் ரத்தாவது அபூர்வம் அல்ல. இந்த விமானங்கள் கண்ணால் பார்த்துப் பறப்பவை. ஹோமரில் வெயில் அடிக்கும்போதே நீருக்கு அப்பால் மூடுபனி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். கணவாய்களிலும் கரையிலும் பொருத்தியிருக்கும் வானிலைக் கேமராக்களைப் பார்த்துத்தான் விமானி முடிவெடுப்பார். அதனால் ஒரே ஒரு நாளை நம்பித் திட்டமிடாதீர்கள். பயணத்தை ஹோமர் தங்கலின் முதல் நாளில் பதிவு செய்து, பின்னால் இரண்டு நாள் காலியாக வையுங்கள். வீடு திரும்பும் விமானம் மறுநாள் காலை என்று இருந்தால் நீங்களே அறியாமல் விமானியை நெருக்குவீர்கள். “கொஞ்சம் போய்ப் பார்க்கலாமே” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். போக வேண்டாம் என்று சொல்லும் விமானியே நம்பத் தகுந்தவர்.

ஓதத்தின் கணக்கு

குக் இன்லெட்டில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் பல நாட்களில் ஆறு, ஏழு மீட்டர் மாறும். பெரிய மென்டயர் பூட்டிய சக்கர விமானம் ஈரமான, கெட்டியான மணலில்தான் இறங்கும். அந்த மணல்பட்டை வற்றத்தில்தான் வெளிப்படும். மேலே உள்ள உலர்மணலில் டயர் புதைந்துவிடும். ஆகவே புறப்படும் நேரத்தை நிறுவனம் ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்லும், அது நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். காலை ஆறு மணிக்கு வரச் சொன்னாலும் பிற்பகல் இரண்டுக்கு வரச் சொன்னாலும் காரணம் இதுவே. திரும்பும் நேரத்தில் விமானி அவசரப்படுத்தினால், கரடி எவ்வளவு அருமையாக மீன் பிடித்துக்கொண்டிருந்தாலும் எழுந்து நடந்துவிடுங்கள். அரைமணி தாமதித்தால் ஓடுபாதை கடலுக்குள் போயிருக்கும்.

எடை, உடை, பை

செஸ்னா 206 என்ற சிறு விமானத்தில் விமானியோடு நான்கு அல்லது ஐந்து பேர். பீவர் என்ற விமானத்தில் ஆறு பேர் வரை. யார் எங்கே உட்கார்வது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது என்பதெல்லாம் எடையை வைத்துத்தான். எடை கேட்டால் காலை வெறும் வயிற்றில் பார்த்த எண்ணைச் சொல்லாதீர்கள். பூட்ஸ், ஜாக்கெட், கேமராவோடு நிற்கும் எடையைச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொல்கிறவர் நான்கு பேர் சேர்ந்தால் இருபது கிலோ. மிதவை விமானம் நீரைவிட்டு எழும்ப அது பெரிய வேறுபாடு. பெட்டி வேண்டாம், மடங்கக்கூடிய ஒரு முதுகுப்பை போதும்.

ஜூலையிலும் கரையில் பத்து டிகிரிக் குளிரும் சாரலும் சாதாரணம். உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கியும் கால்சட்டையும். பருத்தி வேண்டாம், நனைந்தால் உலராது, உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸில் வருகிறவர்கள் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தபின் நடுங்குவார்கள். கையுறை, காதை மூடும் தொப்பி, ஒரு கூடுதல் காலுறை. சிற்றாறுகளைக் கடக்கத் தொடைவரை வரும் ரப்பர் பூட்ஸை நிறுவனமே தரும். அளவை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். நடக்கும்போது சரசரக்கும் மலிவுப் பிளாஸ்டிக் மழைக்கோட்டைத் தவிர்க்கவும். காற்று நின்றால் கொசுவும் நுண்பூச்சியும் மொய்க்கும், தலைவலை ஒன்று பையில் இருக்கட்டும்.

கரையில் கழிப்பறை கிடையாது. புறப்படும் முன் போய்வாருங்கள். இடையில் தேவைப்பட்டால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், அவர் இடத்தைப் பார்த்துவிட்டுக் காவலுக்கு நிற்பார். சொல்லாமல் ஆல்டர் புதருக்குள் ஒதுங்குவது இந்தப் பயணத்தில் செய்யக்கூடிய ஆகப் பெரிய முட்டாள்தனம்: கரடிகள் பகலில் தூங்குவது அந்தப் புதர்களுக்குள்தான்.

விமானத்தில்

வயிறு குமட்டும் பழக்கம் உள்ளவர்கள் புறப்பட ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். ஏறியபின் போட்டால் பலனில்லை. சுழலும் அல்லது சுழலப்போகும் விசிறியின் பக்கம் போகவே கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் விமானி சொன்ன பக்கத்திலிருந்து மட்டும். மிதவை விமானத்தில் உயிர்காப்பு உடையை இடுப்பில் கட்டுவார்கள்: அதை உள்ளே இருக்கும்போது ஊதவிடக் கூடாது, உப்பிய உடையோடு கதவு வழியே வெளியேற முடியாது. கதவுப்பிடி எங்கே, எந்தப் பக்கம் திருகினால் திறக்கும் என்பதை ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

கரடி ஸ்பிரேயை, அதாவது கரடியை விரட்டப் பீய்ச்சும் மிளகாய்க் காரத்தை, வணிக விமானங்களில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, சரக்குப் பெட்டியிலும் கொண்டுவர முடியாது. வாங்கினால் ஹோமரில் வாங்குங்கள். வாங்கியிருந்தால் விமானியிடம் கட்டாயம் சொல்லுங்கள். பறக்கும்போது அறைக்குள் அது கசிந்தால் விமானிக்குக் கண் தெரியாது. அதனால் மிதவைக்குள்ளோ மூடிய பெட்டியிலோ வைப்பார்கள். வழிகாட்டியோடு போகும்போது உங்களுக்கென்று ஒன்று தேவையில்லை. அவரிடம் ஸ்பிரேயோ கைத்தீப்பந்தமோ இருக்கும்.

கரையில்

இறங்கியதும் எல்லோரும் ஒன்றுகூடி நில்லுங்கள். வழிகாட்டி பேசி முடிக்கும்வரை கேமராவைத் தொடாமல் இருந்தால் பாதித் தவறுகள் குறையும்.

நடக்கும்போது குழு சிதறக் கூடாது. ஆறு பேர் ஒட்டி நடந்தால் கரடிக்கு அது ஒற்றை உருவம். ஆறு திசையில் நின்றால் தன்னைச் சுற்றி வளைப்பதாகப் படும். சதுப்பில் ஆழமாகப் பதிந்த கால்தடங்கள் வரிசையாகத் தெரியும். தலைமுறை தலைமுறையாகக் கரடிகள் அதே தடத்தில் அடிவைத்து உண்டானவை. அதன் மேல் உட்காராதீர்கள். ஆற்றின் வளைவிலும் மீன் தேங்கும் மடுவிலும் உட்காராதீர்கள். கொஞ்சம் தள்ளி, பின்னால் புதர் இல்லாத வெளியில், கரடிக்கு வரவும் போகவும் இரண்டு வழி விட்டு அமருங்கள்.

கட்மாயில் மீனோ புல்லோ தின்னும் கரடியை 50 கெஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 45 மீட்டருக்குள், நெருங்குவது விதிப்படி கூடாது. இந்த விதி உங்கள் கால்களுக்கு, கரடிக்கு அல்ல. நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது தானே பத்து மீட்டரில் கடந்து போகக்கூடும். குட்டிகளோடு வரும் தாய், சில சமயம் வேண்டுமென்றே மனிதர் இருக்கும் பக்கம் வந்து மேயும். குட்டியைக் கொல்லக்கூடிய பெரிய ஆண்கள் மனிதரைத் தவிர்ப்பதை அவள் அறிந்திருக்கிறாள். அந்த நம்பிக்கையை முன்னால் வந்துபோனவர்கள் தங்கள் ஒழுங்கால் சம்பாதித்துத் தந்திருக்கிறார்கள். ஒருவர் எழுந்து இரண்டடி முன்னே போனால் அது கெடும்.

கரடியின் உடல்மொழியில் இவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டும். பின்னங்காலில் எழுந்து நின்றால் தாக்கப்போகிறது என்று பொருளல்ல, நன்றாகப் பார்க்க, மோப்பம் பிடிக்க நிற்கிறது. திரும்பத் திரும்பக் கொட்டாவி விட்டால் தூக்கமல்ல, சங்கடம். வாயோரம் நுரை ஒழுகுவது, தாடையைப் படபடவென்று அடிப்பது, புஸ்ஸென்று மூச்சுவிடுவது, காதைப் பின்னால் மடித்துத் தலையைத் தாழ்த்துவது எல்லாம் “தள்ளிப் போ” என்ற எச்சரிக்கை. இரண்டு ஆண்கள் விறைத்த காலோடு, அடிமேல் அடி அழுத்தி நடந்தால் சண்டை வரலாம். அவற்றின் நடுக்கோட்டிலிருந்து முன்பே விலகுங்கள்.

கரடி நேராக உங்களை நோக்கி வந்தால் வழிகாட்டி சொல்வதைத்தான் செய்ய வேண்டும். பெரும்பாலும் அப்படியே உட்காரச் சொல்வார், அல்லது அதன் தடத்திலிருந்து மெதுவாகப் பக்கவாட்டில் நகரச் சொல்வார். இன்னும் வந்தால் எல்லோரும் ஒன்றாக எழுந்து, நெருங்கி நின்று, தாழ்ந்த குரலில் பேச வேண்டும். ஓடவே கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய விலங்கை ஓட்டத்தில் வெல்ல முடியாது. ஓடுவது அதைத் துரத்தத் தூண்டும். பாய்ந்து வந்து சில மீட்டரில் நின்றுவிடும் பொய்ப்பாய்ச்சல்தான் அதிகம். அங்கே நின்றவர் பிழைக்கிறார். தாய்க்கரடி உண்மையிலேயே மேலே விழுந்தால் குப்புறப் படுத்து, கைகளைக் கோத்துப் பின்கழுத்தை மூடி, அசையாமல் கிடக்க வேண்டும். வழிகாட்டியோடு ஒழுங்காகப் போன குழுவுக்கு இந்த நிலை வருவது மிக அரிது.

உணவு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மனிதரிடமிருந்து ஒருமுறை உணவு பெற்ற கரடி அதை மறக்காது. பிறகு பைகளைத் தேடி வரும், முடிவில் சுட்டுக்கொல்லப்படுவது அதுதான். சாப்பாட்டை மணம் பரவாத மூடிய டப்பாவில் கொண்டுபோங்கள். வழிகாட்டி சொன்ன இடத்தில், நாலாபக்கமும் தெரியும் வெளியில், சீக்கிரம் சாப்பிட்டு மூடிவிடுங்கள்; கரடி தென்பட்டால் பாதிச் சாப்பாட்டிலேயே கட்டி வையுங்கள். பையைத் தரையில் விட்டுவிட்டு நாலடிகூடப் போகக் கூடாது. புரூக்ஸில் இன்னும் கண்டிப்பு: வந்து இறங்கியதும் கரடிப் பாடம் கேட்டாக வேண்டும், உணவை அதற்கென உள்ள அறையில் ஒப்படைக்க வேண்டும், பாதையில் தண்ணீர் தவிர எந்தப் பானமும் கூடாது.

படம் எடுக்க

100–400 மி.மீ. லென்ஸ் ஒன்றே போதும். 600 மி.மீ. பீரங்கியைச் சுமந்து வருகிறவர்கள், கரடி அருகில் வந்ததும் அதன் மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். ட்ரைபாடைவிட மோனோபாட் நல்லது. சட்டென எழ வேண்டியிருக்கும். மீனைத் துரத்தும் கரடிக்கு 1/1000 நொடிக்குக் குறையாத ஷட்டர் வேகம். வெளுத்த வானத்தின் கீழே கரிய ரோமம் என்றால் கேமரா ஏமாறும், எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தை, அரை முதல் ஒரு ஸ்டாப் கூட்டி எடுத்துப் பாருங்கள். மண்டியிட்டுக் கரடியின் கண்மட்டத்தில் எடுத்த படத்துக்கு உயிர் தனி. விமானத்திலிருந்து எடுக்கும்போது லென்ஸைக் கண்ணாடியில் சாய்க்காதீர்கள், எஞ்சின் அதிர்வு படத்தைக் கலக்கும். போலரைசரைக் கழற்றிவிடுங்கள், ஜன்னலின் பிளாஸ்டிக்கில் வானவில் பட்டைகள் விழும். தேசியப் பூங்காக்களில் ட்ரோனுக்குத் தடை உண்டு. கேமரா இல்லாதவர்கள் 8x42 தொலைநோக்கி ஒன்று கொண்டுபோனால் படமெடுப்பவர்களைவிட அதிகம் பார்ப்பார்கள்.

திரும்ப முடியாமல் போனால்

கரையில் இருக்கும்போதே மூடுபனி இறங்கிவிடுவது உண்டு. அப்போது ஒரு மணி நேரம் காத்திருக்க நேரலாம், இரவு முழுதும் தங்கவும் நேரலாம். விமானத்தில் அவசரப் பொருட்கள் இருக்கும். ஆனாலும் உங்கள் பையில் ஒரு வேளைக்கான கூடுதல் உணவு, ஒரு லிட்டர் தண்ணீர், அன்றாடம் எடுக்கும் மருந்து இரண்டு நாளுக்கு, உலர்ந்த காலுறை, சிறு டார்ச் இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் செல்பேசி வேலை செய்யாது. செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவி விமானியிடம் உண்டா என்று பதிவின்போதே கேட்டுவைத்து, தாமதமானால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்ற எண்ணைப் புறப்படும் முன் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.